முக்காலிக்கு நான்காவது கால்

"ஏனுங்கய்யா, டென்ஸ் எல்லாம் எப்பங்க ஆரம்பிப்பீங்க?"

வகுப்பில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் வினா இதுதான். கரும்பலகையில் 'ஆங்கிலிக்கன் மரபு: வரலாற்று முன்னுரை' என்று எழுதிவிட்டுச் சுண்ணக்கோலோடு திரும்பியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். ஆலயத்தை ஒட்டிய கூடத்தின் தகரக் கூரை வெயிலில் நெளிந்து முனகிக்கொண்டிருந்தது. எதிரே நீள விசிப்பலகைகளில் இடமின்றி மக்கள். பலர் தலையிலும் புருவத்திலும் பஞ்சுத் துகள். பாதி நாள் வேலையை முடித்துவிட்டு நேரே வந்தவர்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவனது சமயச் சொற்பொழிவுக்கு இத்தனை பேரா என்று அதுவரை உள்ளூர மகிழ்ந்திருந்தேன்.

"டென்சு என்றால்?"

"அதானுங்க, வாஸ் எங்க போடறது, இஸ் எங்க போடறதுன்னு."

நான் மறுமொழி தேடுவதற்குள் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். பனியன் நிறுவனத்தில் துணிகளுக்கு இசுத்திரி போடுபவர், மூலனூர்க்காரர், சின்னச்சாமி என்று பெயர். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது.

"எனக்கு டென்ஸெல்லாம் வேண்டாமுங்க சாமி. போட்டோ எப்ப எடுப்பீங்கன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. காத்தால போட்ட சட்டைங்க. கசங்காம உக்காந்திருக்கறனுங்க."

"எந்தப் புகைப்படம்?"

"அடையாள அட்டைக்குங்க."

மூன்றாவதாகப் பேசியவர் எழவில்லை. முன் பலகையின் ஓரத்தில் அமர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கால்களைச் சிறிய முழங்காற்படி ஒன்றின்மேல் நீட்டியிருந்தார். "மத்தவங்க என்னமும் கேக்கட்டும் அய்யா. எனக்கு மாசக் கடைசிக்குள்ள இங்கிலீசு பேச வரணும். வெள்ளக்காரன் வாரான்."

அவர் பெயர் செபக்கனி. அவரே எழுதினால் முதலெழுத்து வேறாக இருக்கும். வடவெழுத்துகளை நான் எழுதுவதில்லை என்பதை இத்தொடரின் வாசகர் அறிவர். பிறர் பேச்சை மட்டும் அவர்கள் வாயில் வந்தபடியே தருகிறேன். இந்த வழக்கத்தால் நேர்ந்ததுதான் இவ்வாரக் கதையும்.

பெயர் சூட்டிய படலம்

ஒவ்வொரு சபையிலும் பெரியவர்களுக்கு, இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் மரபைப் பற்றி வகுப்பு நடத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். நாம் யார், எங்கிருந்து வந்தோம், ஏன் இப்படி வழிபடுகிறோம் என்பன சபையாருக்குத் தெரிய வேண்டுமாம். ஆயர் இளைஞர். பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்.

தலைப்புக்கு அவர் சொன்ன ஆங்கிலத் தொடரை நான் ஏற்கவில்லை. இரண்டு நாள் எண்ணி, 'ஆங்கில மரபு அடையாள வகுப்பு' என்று அமைத்தேன். ஒவ்வொரு சொல்லும் பொருத்தமானது. 'ஆங்கில மரபு' என்பதில் 'திருச்சபை' தொக்கி நிற்கிறது. இலக்கணம் அறிந்தவர் விரித்துப் பொருள் கொள்வர்.

சபைச் செயலாளர் தேவசகாயம் இலக்கணம் அறிந்தவர் அல்லர். நெருப்பெரிச்சல் என்னும் ஊரில் நான்கைந்து பின்னல் எந்திரங்களை வைத்துக் கூலிக்குத் துணி ஓட்டித் தருபவர். "பேரு நெம்ப நல்லாருக்குதுங்க புலவரய்யா" என்று சொல்லிப் பதாகைக் கடைக்குப் போனார். ஊரெங்கும் காதுகுத்துக்கும் கடைதிறப்புக்கும் நெகிழிப் பதாகைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது.

கடைக்காரர் தலைப்பை ஒரு முறை வாசித்தார். தம் கணிப்பொறியிலிருந்து பொருத்தமான படம் ஒன்றைத் தாமாகவே எடுத்துச் சேர்த்தார். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் விரலை உயர்த்திச் சிரிக்கிறார். அவருக்குப் பின்னே இங்கிலாந்துக் கொடி பறக்கிறது. 'ஆங்கில' என்பது ஆள் உயரத்தில் இருந்தது. 'அடையாள' என்பது அதற்கடுத்த அளவில். இடையிலிருந்த 'மரபு' கழுத்துப்பட்டிக்காரரின் முழங்கைக்குப் பின்னே ஒதுங்கியிருந்தது.

அது ஆலய வாசலில், நிறுவன வண்டிகள் ஆள் ஏற்றிச் செல்லும் சாலையைப் பார்த்தபடி ஒரு வாரம் தொங்கியது.

"கூட்டம் வந்திருக்குதுல்லங்க?" என்றார் தேவசகாயம், முதல் வகுப்பு முடிந்ததும். "வந்தவங்களை எதுக்குங்க வெரட்டறது? டீயும் பன்னும் சொல்லிட்டனுங்க."

ஆயரும் அதே கட்சி. "அவங்க எதுக்கு வந்தாங்கங்கிறதை விடுங்கய்யா. வந்திருக்காங்க. நீங்க நம்ம பாடத்தையே நடத்துங்க."

ஆகவே நடத்தினேன்.

யாருடைய மரபு?

சற்றே பின்னால் செல்ல வேண்டும். எங்கள் கொங்கு நாட்டில் நற்செய்தி சொன்னவர்கள் ஆங்கிலிக்கர் அல்லர். அவர்கள் அங்கியும் மெழுகுத்திரியும் இல்லாத எளிய சபையினர். குண்டடம் பக்கத்து எங்கள் குடும்பத்தில் முழங்காலிட்டு வேண்டியவர் எவருமிலர். அமர்ந்தபடி கண்ணை மூடினால் போதும் என்றே வளர்ந்தோம். சபைகள் ஒன்றாக இணைந்தபோது எல்லாரும் ஒரு கூரைக்குக் கீழ் வந்தோம். ஆயினும் கூரை வேறு, முழங்கால் வேறு.

பின்னலாடைத் தொழில் பெருகியபின், நெல்லைச் சீமையிலிருந்து கிறித்தவக் குடும்பங்கள் திருப்பூருக்கு வந்தன. அவர்களே வழிவழி ஆங்கிலிக்கர். ஆயரை 'ஐயரு' என்பார்கள். திருமண அறிவிப்பை 'ஓலை வாசித்தல்' என்பார்கள். பாவ அறிக்கை தொடங்கியதும் மரம் சாய்வதுபோல் ஒருசேர முழங்காலில் விழுவார்கள். எங்கள் ஆலயத்தில் அப்போது, முழங்காலை ஊன்றும் முழங்காற்படிகள் இல்லாததால் வெறுந்தரையில் விழுந்தார்கள். முதல் ஞாயிறு அந்த ஓசையைக் கேட்டுப் பெஞ்சு உடைந்துவிட்டதென்று தேவசகாயம் ஓடிவந்தார்.

ஆக, ஆங்கிலிக்கன் மரபில் ஒரு நாளும் வாழாத நான், அதிலேயே பிறந்து வளர்ந்த செபக்கனிக்கு அதைக் கற்பிக்கத் தொடங்கினேன். அவரோ அதைக் கற்க வரவில்லை.

ஒரு நாற்காலியின் பொருட்டு

செபக்கனி வேலை பார்த்தது சின்னச்சாமி இருந்த அதே ஏற்றுமதி நிறுவனத்தின் 'செக்கிங்' பிரிவில். தைத்து வரும் ஆடைகளை விளக்கடியில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் ஆகியவற்றைக் கண்டுபிடிக்கும் பணி. காலை முதல் இரவு வரை நின்றே செய்ய வேண்டும். அவருடைய கெண்டைக்காலில் நரம்புகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருந்தன.

"முழங்கால் போட்டாக்கூட நோகாது அய்யா. நிக்கதுதான் முடியல" என்றார் ஒருநாள். "க்யூசின்னு, தரம் பாத்து ஓக்கே சொல்லுத வேலை ஒண்ணு இருக்கு. அவ்வோ உக்காந்து பாக்கலாம். நாக்காலி உண்டு. மொதலாளி சொல்லிட்டாரு, பையர் ஆளு வரும்போது பயப்படாம இங்கிலீசுல பதில் சொன்னா அந்த வேலை எனக்குன்னு. சொல்லலன்னா கோயமுத்தூர்ல இருந்து காலேசு படிச்ச பிள்ளை ஒண்ணைக் கூட்டியாராவளாம்."

"பிறகு?"

"பெறகு என்ன? ஊருக்குப் போகணும். இந்தக் காலை வச்சிக்கிட்டு இன்னும் ஒரு வருசம் நிக்க முடியாது."

பையர் என்பது வெளிநாட்டிலிருந்து ஆடை வாங்கும் நிறுவனம். அதன் ஆள் வந்து சரக்கைப் பார்த்துத் தலையசைத்தால்தான் கப்பலேறும். செபக்கனிக்கு வேண்டியது ஒரு நாற்காலி. என்னிடம் இருந்ததோ முக்காலி.

ஆங்கிலிக்கன் மரபை விளக்குவோர் முக்காலியை உவமையாகக் கூறுவர். திருமறை, மரபு, பகுத்தறிவு ஆகிய மூன்று கால்களில் அது நிற்கிறது என்பர். பலகையில் வரைந்தேன். எனக்கு ஓவியம் வராது. கவிழ்த்த இட்லிக் குண்டான்போல் வந்தது.

'பகுத்தறிவு' என்று எழுதியதும் சின்னச்சாமி துள்ளி எழுந்தார். "ஏனுங்க, இது கட்சிக் கூட்டமுங்களா? நான் அந்தப் பக்கம் இல்லீங்க."

"கட்சி இல்லை, உட்காருங்கள்."

"போட்டோ?"

"புகைப்படமும் இல்லை."

"சரீங்க. பன்னு எப்பங்க வரும்?"

செபக்கனி மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு காலுல நிக்குமா அய்யா? ஆடாதா?"

"மூன்று கால் உடையது எந்தத் தரையிலும் ஆடாது அம்மா. அதுவே அதன் சிறப்பு."

"அப்போ அதையே குடுக்கச் சொல்லுதேன்" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

இலாசுட்டுச் சீப்பு

மாதம் பாதி கழிந்தது. பதினாறாம் நூற்றாண்டை நான் இன்னும் தாண்டவில்லை. தையற்காரர்கள் ஒவ்வொருவராக வகுப்புக்கு வருவதை நிறுத்தினார்கள். அப்போது செபக்கனிதான் ஒரு வழி சொன்னார்.

"அய்யா, நாம சொல்லுத பாவ அறிக்கை மொதல்ல இங்கிலீசுலதான இருந்துது? அதைச் சொல்லித் தாங்க. உங்க பாடமும் ஆச்சு, எங்க இங்கிலீசும் ஆச்சு."

மறுக்க இயலாத வாதம். பழைய ஆங்கில வழிபாட்டு முறையிலிருந்து அந்த அறிக்கையைத் தமிழெழுத்தில் பலகையில் எழுதினேன். செய்ய வேண்டியதை விட்டோம், செய்யக் கூடாததைச் செய்தோம் என்று கடவுள்முன் ஒப்புக்கொள்ளும் மன்றாட்டு அது. அதில் தொலைந்துபோன ஆடுகளுக்கு நம்மை ஒப்பிடும் இடம் ஒன்று உண்டு.

அங்கேதான் இலக்கணம் குறுக்கிட்டது. ஆட்டுக்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலொலிக்குத் தமிழில் எழுத்தில்லை. சகரமே வர வேண்டும். வல்லின மெய் சொல்லிறுதியில் நில்லாது. உகரம் சேர்க்க வேண்டும். எனவே ஆடு 'சீப்பு' ஆயிற்று. தொலைந்த என்பதற்குரிய சொல் லகரத்தில் தொடங்குகிறது. லகரம் மொழிக்கு முதலில் வாராது; முன்னே இகரம் தேவை. 'இலாசுட்டு' ஆயிற்று. இரண்டையும் சேர்த்தால் இடையில் ஒற்று மிகும்.

'இலாசுட்டுச் சீப்பு' என்று எழுதினேன். குறை சொல்ல முடியாத புணர்ச்சி.

"சீப்பு தொலைஞ்சதுக்கெல்லாமா சாமிகிட்ட மன்னிப்புக் கேப்பாங்க?" என்றார் சின்னச்சாமி. "எங்கூட்டுல தெனமும் தொலையுதுங்க."

"சகரத்தை அழுத்திச் சொல்லுங்கள். 'ச்சீப்பு'."

"ச்சீப்பு!" என்றது கூடம்.

ஓடும் எந்திரத்தின் தாளம் பழகிய வாய்கள். இரண்டே வாரத்தில் அறிக்கை முழுவதும் அவர்களுக்கு மனப்பாடம். நெல்லைக்காரர்கள் முழங்காலில் நின்று சொன்னார்கள். அவர்களைப் பார்த்து எங்கள் கொங்குக்காரர்களும் மண்டியிடத் தொடங்கினார்கள். பல ஆண்டுகளாக எந்த ஆயராலும் செய்ய முடியாததை ஆங்கிலம் கற்கும் ஆசை செய்துவிட்டது. சின்னச்சாமி எல்லாரையும்விட உரக்கச் சொன்னார். முடிவில் அவர் போடும் 'ஆமென்' சாலைவரை கேட்டது.

வெள்ளைக்காரர் முன்னிலையில்

பையர் ஆள் நிறுவனத்துக்கு வந்த நாளில் நான் அங்கில்லை. தேவசகாயம் இருந்தார், துணி கொடுக்கப் போயிருந்தாராம். மறுநாள் என் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார்.

"புலவரய்யா, குடியைக் கெடுத்துப் போட்டீங்க போங்க!"

"என்ன நேர்ந்தது?"

"பையர் ஆளு வந்தானுங்க. இங்கிலாந்துக்காரன் இல்லீங்க, வேற ஏதோ ஊரு. பெட்டியை ஒடைச்சு நாலு பீஸை எடுத்தான். தோள்ல தையலைப் புடிச்சு இழுத்தான், பொளுக்குன்னு பிரிஞ்சு போச்சுங்க. மொதலாளி 'நோ ப்ராப்ளம் சார், நோ ப்ராப்ளம் சார்'ங்கறாரு. அவன் அவரைப் பாக்கவே இல்லை. நேரா ஜெபக்கனியம்மாகிட்டத் திரும்பி, 'வாட் ஈஸ் திஸ்?'னு கேட்டுப்போட்டான்."

"அவர் என்ன சொன்னார்?"

"நின்னாங்க, நின்னாங்க, மூஞ்சியெல்லாம் வேர்த்துப் போச்சு. அப்பறம் டொப்புன்னு முழங்கால் போட்டாங்க பாருங்க! கண்ணை மூடிட்டு உங்க மந்திரத்தை ஆரம்பிச்சுட்டாங்க."

"மந்திரம் அன்று. பாவ அறிக்கை."

"என்னமோ ஒண்ணுங்க. அவங்க முழங்கால் போட்டதும் உங்க வகுப்புக்கு வந்த செக்கிங் பொம்பளைங்க அத்தன பேரும் டொப்பு டொப்புன்னு போட்டாங்க. அந்தச் சின்னச்சாமி இஸ்திரிப் பொட்டியை நிமித்தி வெச்சுட்டு அவரும் போட்டாருங்க. ஹாலே சொல்லுது. வெள்ளைக்காரன் ஸ்ட்ரைக்குன்னு பயந்துட்டான். ஆனா காதைக் குடுத்துக் கேக்கறான். செய்ய வேண்டியதைச் செய்யலே, செய்யக் கூடாததைச் செஞ்சோம்னு அத்தன சனமும் ஒப்பிக்குதுங்க, அதும் நல்ல இங்கிலீசுல! அப்பறம் வந்துச்சு பாருங்க அந்த எடம்."

"எந்த இடம்?"

"சீப்பு!"

நான் வாசல் திண்டில் அமர்ந்தேன்.

"'லாஸ்ட் சீப்'புன்னு அவன் காதுல விழுந்திருக்குது. 'லாஸ்ட்? சீப்?'னு மறுக்காக் கேட்டான். கடைசில போட்டது மட்ட நூலான்னு கேக்கறானுங்க. அந்தம்மாவுக்கு ஜெபம் முடிஞ்சு போச்சு. கண்ணைத் தொறக்காமயே 'ஆமென்'னுட்டாங்க. பின்னாடியே சின்னச்சாமி, ஹாலே அதிர்ற மாதிரி 'ஆமென்!'"

தேவசகாயம் திண்டில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"மொதலாளி மூஞ்சி வெளுத்துப் போச்சுங்க. நெசமாலுமே கடைசி லாட்டுக்கு மட்ட நூலைத்தான் ஓட்டியிருக்காரு. அது அவருக்கும் தையல் மாஸ்டருக்கும் மட்டும்தான் தெரியுமாம். யாரோ காட்டிக் குடுத்துட்டாங்கன்னு நெனைச்சு, 'சாரி சார், லாஸ்ட் லாட் ஒன்லி சார்'னு அவரே எல்லாத்தையும் கொட்டிட்டாருங்க!"

"செபக்கனி?"

"நாளையிலருந்து வர வேண்டாம்னுட்டாரு."

இரண்டு ஞாயிறு

அடுத்த ஞாயிறு அவர் வகுப்புக்கு வந்தார். அதே இடத்தில் அமர்ந்து, அதே முழங்காற்படியில் காலை நீட்டினார்.

"நல்லாத்தான் பேசினேன் அய்யா" என்றார். "ஒரு வார்த்தை விடல. எதுக்கு வேலையை விட்டு எடுத்தாருன்னு எனக்கு வெளங்கல."

அன்றைக்கு முக்காலியைப் பற்றி நான் பேசவில்லை. ஊருக்குச் செல்ல வண்டி கேட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். சின்னச்சாமி தம் பன்னை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு முதலாளியே வந்தார். வழிபாடு முடியும்வரை வாசலில், பதாகை இருந்த இடத்தில், கைகட்டி நின்றார்.

"ஏனுங்க, நீங்கதான் இங்கிலீசு வாத்தியாருங்களா?"

"தமிழாசிரியன்."

"இருக்கட்டுமுங்க. அந்தப் பையர் சொல்லியனுப்பிட்டானுங்க. சரக்கைத் திருப்பி நல்ல நூல்ல தெச்சுக் குடுத்தா எடுத்துக்கறானாம். ஆனா திருப்பூர்ல இத்தன வருசத்துல உண்மையைச் சொன்னது அந்த ஒரு பொம்பளைதானாம். இனிமே அந்தம்மா பாத்து ஓக்கே பண்ணுனாத்தான் பொட்டியைக் கட்டோணுமாம்." குரலைத் தாழ்த்தினார். "அவங்க ஊருக்குப் போயிட்டாங்களா?"

"வண்டி மாலையில்."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திப் போடுங்க சாமி. அப்பறம் ஒண்ணுங்க. மத்த சனத்துக்கும் நீங்களே சொல்லிக் குடுங்க. வண்டி அனுப்பறேன். ஆனா அந்தச் சீப்பு மட்டும் வேண்டாமுங்க."

"அது இல்லாமல் மன்றாட்டு நிறைவுறாது."

"ஆட்டுக்கு வேற பேரே இல்லீங்களா?"

நான் எண்ணிச் சொல்கிறேன் என்றேன்.

குட்டைக் கால்

சில வாரம் கழித்து அந்த நிறுவனத்துக்குச் சென்றேன். எந்திர இரைச்சலும் நீராவி வாடையும் கலந்த நீண்ட கூடம். விளக்கு வரிசையின் தலைப்பில் செபக்கனி அமர்ந்திருந்தார். அமர்ந்துதான் இருந்தார். கால்கள் முன்னே நீண்டிருந்தன. என்னைக் கண்டதும் சின்னச்சாமி இசுத்திரிப் பெட்டியை உயர்த்திக் காட்டி, "சாமி, எனக்கு ஐடி கார்டு குடுத்துட்டாங்க! கம்பெனி கார்டு! போட்டோ போட்டது!" என்று கத்தினார்.

எழ முயன்ற செபக்கனியைக் கையமர்த்தினேன்.

"நாற்காலி கிடைத்துவிட்டது போலிருக்கிறதே?"

"நாக்காலியா? சாஞ்சிக்கிட முதுகு இல்லல்லா? ஸ்டூலுதான் குடுத்தாவ." குனிந்து பார்த்துக்கொண்டார். "அதுவும் மூணு காலு இல்ல அய்யா. நாலு. ஆடிக்கிட்டே கெடந்துது. ஒரு காலு குட்டை. நாலாவது கால் எதுக்குன்னு நீங்க வகுப்புல சொல்லலையே?"

மரபு பற்றிய நூல்கள் அதற்கு விடை தருவதில்லை. "இப்போது ஆடவில்லையே?" என்று மட்டும் கேட்டேன்.

"அடை குடுத்திருக்கேன். கோயில்ல அவுத்துப் போட்டிருந்த அந்த பேனருதான். தேவசகாயம் அண்ணன் துணி மூடக் கொண்டாந்தாரு, ஒரு துண்டு வெட்டிக்கிட்டேன்."

குனிந்து பார்த்தேன். குட்டைக் காலுக்குக் கீழே நெகிழித் துண்டு ஒன்று பல மடிப்பாக மடித்துச் செருகப்பட்டிருந்தது. நான் தேர்ந்து வைத்த 'அடையாள' என்னும் சொல்லில் பின்பாதி மடிப்புக்குள் போய்விட்டது. வெளியே தெரிந்தவை இரண்டே எழுத்துகள்.

'அடை'.

ஆடும் பொருளை நிறுத்த அடியில் வைப்பதற்கு அதுவே முறையான தமிழ்ச் சொல்.